வட்டைச் சேறும் வெடித்த குதிகாலும்

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்துவிட்டால் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் உழவு இயந்திரங்கள் இறங்கிவிடும். கல்முனைக் கரையோர ஊர்களின் மேற்குப் புறம் முழுக்க நெல்தான். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்த பூமி அது. இயந்திரம் எத்தனை வந்தாலும் மனிதக் கால் இறங்கியே ஆகவேண்டிய வேலைகள் குறையவில்லை. வரம்பு கட்ட வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், பசளை எறிய வேண்டும், களை பிடுங்க வேண்டும். அந்தக் கால்களில் அநேகம் வெறுங்கால்கள். கிருமிநாசினி அடிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளும் கமக்காரர்கூடக் காலுக்கு ஒன்றும் போடுவதில்லை.

தொற்றுநோய் என்றதும் நமக்கு நுளம்பு ஞாபகம் வருகிறது, கிணற்றுத் தண்ணீர் ஞாபகம் வருகிறது. 2020இன் கடைசியில் கொரோனாவால் அக்கரைப்பற்று முடங்கிக் கிடந்ததற்குப் பிறகு காற்றும் ஞாபகம் வருகிறது. தோல் மட்டும் ஞாபகம் வருவதேயில்லை. அதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகவே வைத்திருக்கிறோம். கருத்தால் வெளுக்கப் பார்க்கிறோம், அரித்தால் எதையாவது பூசுகிறோம், புண்ணானால் எரிகிற மருந்து எதையாவது ஊற்றுகிறோம். இந்தக் கரையில் தோல் வழியாக வரும் நோய்களில் கிருமியின் பங்கு எவ்வளவோ, அந்தக் கிருமிக்கு நாம் திறந்துவிடும் வழிகளின் பங்கும் அவ்வளவு என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

சேற்றிலிருந்தே தொடங்குவோம். வெப்பநாட்டு ஈரமண்ணில் பர்கோல்டேரியா சூடோமல்லை என்றொரு பக்டீரியா வாழ்கிறது. அது உண்டாக்கும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். 1911இல் ரங்கூனில் பிரேதப் பரிசோதனைகள் செய்துகொண்டிருந்த அல்பிரட் விற்மோர் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதைக் கண்டார். அவரும் கிருஷ்ணசுவாமி என்ற உதவியாளரும் மறு வருடமே இது புதிய நோய் என்று எழுதினார்கள். இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். அவர் வயலில் இறங்கிய கமக்காரர் அல்ல, ஐரோப்பியத் தேயிலைத் தரகர். கமக்காரர்களுக்கு அப்போது அந்த நோய் வரவில்லை என்பதல்ல இதன் பொருள். அவர்களுடைய இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்க யாரும் இருக்கவில்லை.

அதன் பிறகு பல தசாப்தங்களுக்கு இந்த நோய் இலங்கையில் அநேகமாக இல்லாதது போலவே கிடந்தது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் எனோக்கா கொரெயாவும் அவரது குழுவினரும் நாட்டின் வைத்தியசாலை ஆய்வுகூடங்களிலிருந்து சந்தேகத்துக்குரிய மாதிரிகளைக் கேட்டு வாங்கிச் சோதிக்கத் தொடங்கிய பிறகே நோயாளிகள் வரிசையாகத் தெரியவந்தார்கள். பெரும்பாலானோர் சீனி வருத்தக்காரர்கள், பலர் மண்ணோடும் நெல்லோடும் வேலை செய்பவர்கள். மழைக்காலத்தோடு எண்ணிக்கையும் ஏறியது. உலக அளவில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளிவந்த கணிப்பு ஒன்று சொல்கிறது. அந்தச் சுமையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தென்னாசியாவின் தலையில் இருக்கிறது. எலிக்காய்ச்சலை எல்லோரும் அறிவோம். 2008இல் நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் படுக்கவைத்த நோய் அது. அதுவும் தேங்கிய தண்ணீரிலிருந்து தோலின் கீறல் வழியாகவே பெரும்பாலும் உள்ளே போகிறது. அதே சேற்றில் அதைவிட மெதுவாக, அதைவிடக் கொடூரமாகக் கொல்லும் இன்னொன்று இருப்பதை ஊரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஆயிரக்கணக்கானோர் அதே வட்டையில், அதே சேற்றில், ஆண்டுக்கு இரண்டு போகம் இறங்கி ஏறுகிறார்கள். நோயில் விழுவது சிலர்தான். வடகிழக்குத் தாய்லாந்தின் நெற்கிராமங்களில் சிறு பிள்ளைகளின் இரத்தத்திலேயே இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டிருக்கிறது. கிருமியைச் சந்தித்திருக்கிறார்கள், நோய் வரவில்லை. அப்படியானால் மற்றவர்களைக் காப்பாற்றியது எது?

முதலில் மேல்தோல். நாம் தொட்டுப் பார்க்கும் தோலின் வெளிப்பகுதி செத்த கலங்களால் ஆனது. தட்டையான கலங்கள் அடுக்கடுக்காகக் கிடக்க, இடைவெளிகளைக் கொழுப்பு அடைத்திருக்கும். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு முறை அது முழுவதும் உதிர்ந்து புதிதாகிவிடும். உதிரும்போது ஒட்டியிருந்த கிருமிகளையும் கொண்டுபோகும். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம், பி.எச். அளவில் ஐந்தை ஒட்டியது. நோய் தரும் பக்டீரியாக்கள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஒத்துவராது. வியர்வை வெறும் உப்புத் தண்ணீர் அல்ல என்பது 2001இல் தெரிந்தது. ஜேர்மனியின் டூபிங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் அதில் டெர்ம்சிடின் என்ற கிருமிகொல்லிப் புரதத்துண்டைக் கண்டார்கள். வெயிலில் நின்று வரம்பு வெட்டுகிறவர் தம் உடம்பிலேயே மருந்து சுரந்துகொண்டு நிற்கிறார்.

அதற்கு மேல் குடியிருப்பவர்கள் வருகிறார்கள். முன்கை போன்ற வறண்ட இடத்தில் இவர்கள் ஐதாக இருப்பார்கள். அக்குளிலும் கால் விரலிடுக்கிலும் ஒரு சதுரச் சென்ரிமீற்றருக்குப் பத்து இலட்சத்தைத் தொடுவார்கள். பக்டீரியாக்களும், எண்ணெய்ப் பசையில் வளரும் மலசீசியா என்ற பங்கசும், மயிர்க்கால்களில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளும் இதில் அடக்கம். 1938இலேயே பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் வரும் கிருமிகளை எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். தோலில் இருப்பவை இரண்டு வகை. வந்துபோகிறவை சவர்க்காரத்தோடு போய்விடுகின்றன. குடியிருப்பவை எவ்வளவு கழுவினாலும் முற்றாகப் போவதில்லை. சாப்பிடுமுன் கை கழுவுவது முதல் வகையைப் போக்கத்தான். இரண்டாவது வகையையும் சேர்த்து ஒழித்துவிடுவதாகத் தொலைக்காட்சி விளம்பரங்கள் 99.9 வீதக் கணக்கோடு சொல்வது நடக்காத காரியம். நடந்தாலும் நமக்கு நல்லதல்ல.

ஏன் நல்லதல்ல? நெல் அடர்ந்து பிடித்த வயலில் கோரை தலைதூக்காது, தப்பிப்போன இடங்களில்தான் அது பரவும். இதை வட்டையில் நிற்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. தோலிலும் இடத்துக்கும் இரைக்கும் போட்டி நடக்கிறது. ஆனால் இந்தக் குடியிருப்பாளர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதுமில்லை. ஸ்டபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் என்பது எல்லோர் தோலிலும் இருக்கும் பக்டீரியா. அதன் நெருங்கிய உறவான ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் கட்டி, சிலந்தி, சீழ்ப்புண் எல்லாவற்றுக்கும் முதற்காரணம். 2010இல் டோக்கியோவின் ஜிக்கெய் பல்கலைக்கழகத்தார், எபிடெர்மிடிஸில் ஒரு சாரார் வெளியிடும் நொதியம் ஓரியஸ் மூக்கில் படலமாகப் படிவதைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். 2016இல் மறுபடியும் டூபிங்கன். மூக்கில் வாழும் இன்னொரு ஸ்டபிலோகொக்கஸ், லுக்டுனின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தானே தயாரிப்பது தெரிந்தது. மறு வருடம் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் கல்லோவின் குழு ஒரு படி மேலே போனது. கரப்பான் நோயாளிகளின் தோலில் ஓரியஸைக் கொல்லும் நல்ல இனங்கள் குறைந்திருந்தன. அந்த நோயாளிகளின் தோலில் எஞ்சியிருந்த நல்லவற்றை எடுத்து வளர்த்து, களிம்பில் கலந்து, அவர்களுக்கே திரும்பப் பூசினார்கள். ஓரியஸின் எண்ணிக்கை இறங்கியது.

இவர்களை அவ்லியாக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இதே எபிடெர்மிடிஸ் வைத்தியசாலையில் நாளத்தில் ஏற்றிய குழாய் வழியாகவோ, இருதயத்தில் பொருத்திய செயற்கை வால்வின் மீதோ இடம் பிடித்தால் ஆளைக் கொல்லும். தோலின் வெளியே இருக்கும்வரைதான் நட்பு.

உண்மையில் ஆச்சரியமான பகுதி இனித்தான் இருக்கிறது. தோலுக்குள் உடம்பின் சொந்தப் படையும் இருக்கிறது. 1868இல் பேர்லினில் மருத்துவ மாணவராக இருந்த போல் லங்கர்ஹான்ஸ், மேல்தோலில் கிளைவிட்ட கலங்களைக் கண்டு நரம்பின் முனைகள் என்று எண்ணினார். அவை அந்நியப் பொருளைப் பிடித்து நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய்க் காட்டும் நிர்ப்பீடனக் கலங்கள் என்று விளங்க நூறாண்டுக்கு மேல் பிடித்தது. 2006இல் ஹார்வர்டில் ரேச்சல் கிளார்க் குழுவினர் கணக்கிட்டபோது, ஒரு மனிதரின் தோலில் ஏறத்தாழ 2,000 கோடி ரி-கலங்கள் இருந்தன. இரத்தத்தில் ஓடுவதைப் போல் இரண்டு மடங்கு. பிறந்த கையோடு பிள்ளையின் இடது தோளில் பி.சி.ஜி. ஊசியைத் தசைக்குள் இறக்காமல் தோலுக்குள்ளேயே ஏற்றி ஒரு கொப்புளம் எழுப்புகிறார்களே, அந்த இடத்தைத் தேர்ந்ததற்கும் பொருத்தமான காரணம் இதுதான். படை அங்கேதான் இருக்கிறது.

இந்தப் படைக்கு வெளியே குடியிருக்கும் நுண்ணங்கிகளோடு என்ன தொடர்பு? 2012இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்று இலங்கையர் நாம் கவனித்திருக்க வேண்டியது. அல்ஜீரியாவில் பிறந்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய யாஸ்மின் பெல்கைத், சுருதி நாயக் ஆகியோரின் குழு, பிறந்ததிலிருந்து ஒரு கிருமியும் படாமல் வளர்த்த எலிகளின் தோலில் லீஷ்மேனியா ஒட்டுண்ணியைச் செலுத்தியது. சாதாரண எலிகளோடு ஒப்பிட்டால் இவற்றில் வீக்கம் குறைவு, புண்ணும் சிறியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே எண்ணிப் பார்த்தால் ஒட்டுண்ணிகள் அதிகம். வீக்கம் இல்லாததற்குக் காரணம் உடம்பு சண்டையே பிடிக்கவில்லை என்பதுதான். பிறகு அதே எலிகளின் தோலில் எபிடெர்மிடிஸை மட்டும் பூசினார்கள். தோலின் ரி-கலங்கள் விழித்துக்கொண்டன, எதிர்ப்புத் திரும்பியது. குடலில் இருக்கும் நுண்ணங்கிகளால் அதைச் செய்ய முடியவில்லை. தோலின் பாதுகாப்புக்குத் தோலில் வாழ்பவையே வேண்டியிருந்தன.

லீஷ்மேனியா நமக்குத் தூரத்து நோயல்ல. இந்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். 2008இலிருந்து அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அம்பாந்தோட்டை, அநுராதபுரம், பொலன்னறுவை என்று பரவி, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் புண்களை உண்டாக்கியிருக்கிறது. பேராசிரியை நதீரா கருணவீரவின் குழு அடையாளம் கண்ட இனம் லீஷ்மேனியா டொனோவானி. பிஹாரில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கி ஆளைக் கொல்லும் காலா அசாரின் இனமும் அதுவே. இலங்கையில் மட்டும் ஏன் அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது என்பதற்கான விடையில் ஒட்டுண்ணியின் மரபணு மாற்றங்களுக்கு இடமுண்டு. நம் தோலுக்கும் அதில் இடமுண்டா என்று பார்ப்பது இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்ற வேலை. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. சேறும் கடலும் வாவியும் சந்திக்கும் இந்த ஊர்களின் கால்களில் என்ன குடியிருக்கிறது என்ற பட்டியலை அதன் உயிரியல் துறையினர் தொடங்கலாமே!

எலி ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சிவப்பும் வீக்கமும் நோயின் அடையாளம் மட்டுமல்ல, எதிர்ப்பின் அடையாளமும்தான். அதை அணைத்துவிட்டால் நோய் தீர்ந்ததாகாது. நம்மூர்ப் பாமசிகளில் தினமும் மறக்கப்படுவது இது.

"படைக்கு ஒரு கிறீம் தாங்க" என்று கேட்டால் போதும், வைத்தியர் துண்டு கேட்காமல் ஒரு டியூப் கைக்கு வந்துவிடும். அதில் பெரும்பாலும் மூன்று மருந்து இருக்கும்: ஒரு வீரியமான ஸ்டிரொயிட், ஒரு பங்கசுக்கொல்லி, ஒரு பக்டீரியாக்கொல்லி. ஸ்டிரொயிட் செய்வது தோலின் நிர்ப்பீடனப் படையை உறங்கவைப்பது. மூன்றாம் நாள் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும், வாங்கியவர் மருந்தைப் புகழ்வார். பங்கசு எதிரியில்லாத நிலத்தில் பரவும். பக்டீரியாக்கொல்லி குடியிருப்பாளர்களையும் சேர்த்து அழித்துவைக்கும். டியூப் முடிந்து பத்து நாளில் படை பெரிய வட்டமாகத் திரும்பி வரும், அடுத்த டியூப் வாங்கப்படும், வீட்டில் இன்னும் இருவருக்குத் தொற்றியிருக்கும். இந்தியாவில் இது கொள்ளைநோயாகவே ஆகிவிட்டது. தோல் வைத்தியர்கள் பல ஆண்டுகள் கத்திய பிறகு 2018இல் பூசும் ஸ்டிரொயிட்டுகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் இந்திய அரசு சேர்த்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது. டெர்பினஃபின் என்ற வழக்கமான மருந்துக்கு மசியாத பங்கசு இனம் பரவிவிட்டது. 2020இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ட்ரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே நம் பிராந்தியம் ஒட்டிக்கொண்டது. 2023இல் நியூயோர்க்கில் இரு பெண்களிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது, அவர்களில் ஒருவர் பங்களாதேஷ் போய்வந்தவர்.

கலியாணத்துக்கு நாள் குறித்ததும் பெண்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கப்படும் வெள்ளையாக்கும் கிறீம்களில் இதே ஸ்டிரொயிட் ஒளிந்திருப்பதுண்டு, சிலவற்றில் பாதரசமும். பெயர் தெரியாத டப்பாக்களைப் பற்றி அதிகம் பேச என்ன இருக்கிறது? விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டிரொயிட் டியூப் நம் பகுதியில் மேலும் ஆபத்தாவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இலங்கை தொழுநோயைத் தேசிய மட்டத்தில் 1995இல் இல்லாதொழித்துவிட்டதாகக் கணக்கு. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அந்தக் கணக்கின் அளவுகோல். ஆனால் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கிறார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. கூடுதலாகப் பதிவாகும் பகுதிகளுள் கிழக்கு மாகாணமும் ஒன்று. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் ஒரு காலத்தில் நோயாளிகளைக் கொண்டுபோய் ஒதுக்கிவைத்த கதையை நம் மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருப்போம். ஒதுக்கிவைக்கத் தேவையே இல்லாத நோய் அது. நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு இயல்பிலேயே அதற்கு எதிர்ப்பு இருக்கிறது. மீதிப்பேருக்கு மாத்திரை இருக்கிறது. ஒருவருக்கு ஒரே ஒரு வெளிறிய தேமலாக நிற்பதும், இன்னொருவருக்கு முகம் காது என்று படர்வதும் கிருமியின் வேறுபாட்டால் அல்ல, அவரவர் நிர்ப்பீடனம் பதில் சொல்லும் விதத்தால். தொட்டால் உணர்ச்சி குறைந்த அந்தத் தேமலைச் சாதாரணத் தேமலென்று எண்ணிப் பாமசியில் டியூப் வாங்கிப் பூசினால், இருக்கிற எதிர்ப்பும் அடங்கும், அடையாளமும் மறையும். கை விரல் மடங்கிய பிறகு வைத்தியசாலைக்குப் போகும் சிலரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

ஆகவே மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கொழும்பில் இருந்துகொண்டு சுற்றறிக்கை விட்டால் போதாது. கல்முனைப் பிராந்தியத்தின் உணவு, மருந்துப் பரிசோதகர்கள் காலாவதித் திகதியைப் பார்ப்பதோடு நிற்காமல் இந்த டியூப்கள் துண்டோடு போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வர்த்தகர் சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. வாடிக்கையாளர் கேட்டார் என்பது சமாதானமாகாது.

இனிச் சீனி வருத்தத்துக்கு வருவோம். மெலியோய்டோசிஸ் உள்ளே வரவும் வளரவும் மிக வசதியான வழி அதுவே. 2005-06இல் நாடளாவிய ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் ஐவரில் ஒருவருக்கு சீனி வருத்தமோ அதன் முன்னிலையோ இருப்பதாகக் காட்டியது. அதன் பிறகு நிலைமை இறங்கவில்லை. காலை ஆப்பம், பகல் புரியாணி, பின்னேரம் வட்டிலப்பம் என்று ஓடும் நம் விருந்துக் கலாசாரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை, எனக்கும் பிடித்தவைதான். ஆனால் சீனி தோலுக்குச் செய்வதை அறிந்திருக்க வேண்டும். காலின் நரம்புகள் மெல்ல மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பும் கெடுவதால் பாதம் வறண்டு குதிகால் வெடிக்கும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்தால் சொல்லவே வேண்டாம். குருதியோட்டம் குறையும். கிருமியை விழுங்கவேண்டிய வெண்கலங்கள் சீனி கூடிய இரத்தத்தில் மந்தமாகிவிடும். ஆக, வாசலும் திறந்துகிடக்கிறது, உள்ளே ஆளும் அயர்ந்து கிடக்கிறார்.

இன்னொரு வாசல் கால் விரலிடுக்கு. 1999இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் பிரான்ஸ் நாட்டு ஆய்வொன்று வெளிவந்தது. காலில் செல்லுலைட்டிஸ் என்ற கடும் தொற்று வந்து வைத்தியசாலையில் கிடந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சீழ்க்கிருமி உள்ளே போன வழிகளில் முதன்மையானது, சின்ன விரல்களுக்கிடையே வெள்ளைவெளேரென்று ஊறிப் பிளந்திருந்த தோல். அந்த இடுக்குகள் சரியாக இருந்திருந்தால் பாதிக்கு மேற்பட்ட தொற்றுகள் வந்தேயிரா என்று அவர்கள் கணித்தார்கள். நாம் சேற்றுப்புண் என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடும் அதே புண்தான்.

நம் ஊர்களில் ஐவேளை வுழூ எடுக்கிறோம். இதைப் பற்றி வைத்தியர்கள் பேசத் தயங்குவதுண்டு. தயங்கத் தேவையில்லை. சவர்க்காரமில்லாத வெறும் தண்ணீர் தோலின் அமிலத்தையும் எண்ணெயையும் பெரிதாகக் கெடுப்பதில்லை. அதைவிட, விரலிடுக்குகளை விரலால் கோதிக் கழுவுவது நபிவழி. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஒருவரின் கையே அவரது ஒவ்வொரு விரலிடுக்கையும் தடவிப் போகிறது. பிளப்பையும் கசிவையும் கண்டுபிடிக்க இதைவிட நல்ல பரிசோதனையை எந்தச் சுகாதாரத் திணைக்களமும் திட்டமிட முடியாது. குறை எங்கே இருக்கிறதென்றால் அதன் பிறகு. ஈரக்காலோடு எழுந்து, பள்ளியின் பொதுச் செருப்பில் காலை நுழைத்து, ஈரம் காயாத கம்பளத்தில் போய் நிற்கிறோம். பங்கசு ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போக இதைவிட வசதி வேண்டாம். ஹவுழடியில் பொதுத் துவாய் தொங்கவிடுவது பரிகாரமல்ல, அது இன்னொரு பாலம். அவரவர் சட்டைப் பையில் ஒரு சிறு துணி இருந்தால் போதும். சீனி வருத்தமோ சேற்றுப்புண்ணோ உள்ளவர் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துவது அவருக்குத் தேவையான காரியம் என்பதை ஒரு ஜும்ஆவில் உலமாக்கள் மிம்பரிலிருந்து சொன்னால், பத்துச் சுகாதாரச் சுவரொட்டிகளின் வேலை நடந்துவிடும். பள்ளி நிருவாகங்கள் செருப்புகளைப் பின்னேர வெயிலில் ஒருமுறை காயவைக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தில் மூத்தம்மாமார் பக்கம் நியாயம் இருக்கிறது. டாக்கா சிசு வைத்தியசாலையில் குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் பூசிப் பார்த்த ஆய்வு 2005இல் லான்செட்டில் வந்தது. பூசப்பட்ட குழந்தைகளுக்கு வைத்தியசாலைத் தொற்று 41 வீதம் குறைந்தது. முற்றாத தோலின் இடைவெளியை எண்ணெய் அடைத்தது. கடுகெண்ணெய் அதற்கு நேர்மாறாகத் தோலைக் கெடுப்பதாக வேறு சோதனைகள் காட்டின. நல்லவேளை, நம் கரையில் தேங்காயெண்ணெய்தான் வழக்கம். வெடித்த குதிகாலுக்கும் இரவில் அதைத் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். பிறந்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிள்ளையின் தோலும் அதன் முதற்குடியேறிகளும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளும் காலம் மிகக் குறுகியது. 2015இல் கலிபோர்னியாவில் எலிக்குட்டிகளில் பார்த்தபோது, பிறந்த முதல் வாரத்தில் எபிடெர்மிடிஸைச் சந்தித்தவை பிறகு அதை எதிரியாகக் கருதவில்லை. வளர்ந்த பிறகு சந்தித்தவற்றுக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

மற்றபடி காயத்துக்கு நாம் செய்யும் கைவைத்தியங்களில் கைவிடவேண்டியவை பல. கோப்பித்தூள் அப்புவது, பற்பசை தடவுவது, கப்சூலைப் பிரித்துத் தூளைத் தூவுவது. கரைவலை இழுக்கும் கைகளில் கயிறு அறுத்த காயத்துக்கும், மீன்முள் குத்திய விரலுக்கும், மருதமுனைத் தறிக்காரரின் சாயம் தின்ற கைகளுக்கும் முதலில் வேண்டியது ஓடும் நல்ல தண்ணீர், பிறகு சுத்தமான துணி. டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் கிருமியோடு காயத்தை ஆற்றவந்த கலங்களும் சாகும். எரிவதால் மருந்து வேலை செய்கிறது என்பது வெறும் நம்பிக்கை.

வயலில் சப்பாத்து அணியச் சொல்வது சுலபம். றப்பர் பூட்ஸ் சேற்றில் புதைந்து கழன்றுவிடும், வெக்கை தாங்காது, உள்ளே தண்ணீர் நின்றால் விரலிடுக்கு இன்னும் ஊறும். தாய்லாந்துக் கமக்காரர்களும் இதையே சொல்லி மறுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் எல்லா நாளும் என்று கேட்பதைவிட, சீனி வருத்தம் உள்ளவரும் காலில் புண் உள்ளவரும் மட்டுமாவது சேற்றில் இறங்காதிருக்க, இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால் முழங்கால்வரை பூட்ஸ் போட, கமநல சேவை நிலையங்கள் மானிய விலையில் அதைக் கொடுக்க ஏற்பாடு செய்வது நடக்கக்கூடியது. எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விதைப்புக் காலத்தில் டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். அந்த வரிசையில் வரும் கமக்காரரிடம் "காலைக் காட்டுங்க காக்கா" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். சீனி கிளினிக்கில் இரத்தம் குத்திப் பார்க்கும் அதே காலையில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பதும் அப்படியே.

வைத்தியசாலைகளின் பங்கு கடைசியில் வருகிறது, ஆனால் உயிர் அதில்தான் தங்கியிருக்கிறது. மெலியோய்டோசிஸ் நிமோனியாவைப் போல வரும், ஈரலில் சீழாக வரும், மூட்டில் வரும், மாதக்கணக்கில் இருமிக் காசநோய் போலவும் வரும். வழக்கமாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றுக்கு அது அசையாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நாளத்தில் குறைந்தது பத்து நாளாவது ஏற்றி, அதன் பின் மாத்திரை மூன்று மாதம் விடாமல் கொடுக்க வேண்டும். அதற்குமுன் இன்னதென்று தெரிய வேண்டும். ஆய்வுகூடத்தில் இது வளர்ந்தாலும் அசுத்தத்தால் வந்த வேறு பக்டீரியா என்று தவறாக ஒதுக்கப்படுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. ஆகவே மாரிகாலத்தில் காய்ச்சலோடு வரும் சீனி வருத்தக்காரர் வயலில் இறங்குபவர் என்றால், முதல் ஊசி ஏறுமுன் இரத்தம் எடுத்து வளர்ப்புக்கு அனுப்பவேண்டும், அனுப்பும் துண்டில் சந்தேகத்தின் பெயரையும் எழுதவேண்டும். நோயாளியும் தன் பங்குக்கு வட்டையில் எப்போது இறங்கினார், காலில் காயம் இருந்ததா என்று கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது. வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் அதைக் கேட்க வைத்தியருக்கு நேரம் கிடைக்காமல் போகலாம்.